யாழ்ப்பாணப் புகையிலையின் கெட்டித்தனம்

புகையிலையே, எங்கள் குடாநாட்டில் உன்னைப் போலக் கெட்டிக்காரப் பயிர் வேறில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து, குடிலில் பொச்சுப் புகையில் பதமாகி, ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பல் ஏறினாய். சுருட்டாகித் தென்னிலங்கைக் கிராமங்கள் வரை போனாய். கல்வீடு, சீதனம், பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ குடும்பங்களுக்கு நீ கொடுத்தது அதிகம். இவையெல்லாம் ஊரறிந்த பெருமைகள். நான் பாட வந்தது ஊரறியாத பெருமையை: ஆச்சியின் கன்னத்துக்குள் ஒதுங்கியபின் நீ செய்யும் வேலையை.

அங்கே உன்னை எதிர்த்து நிற்பது சாதாரணக் காவல் அல்ல. ஒரு கலம் பிரியுமுன் தன் டிஎன்ஏயில் உள்ள ஏறத்தாழ 600 கோடி எழுத்துச் சோடிகளையும் படியெடுக்க வேண்டும். இரண்டு இழையும் அறுந்த இடத்தை ஏடிஎம் என்ற புரதம் உணரும். ஒற்றை இழை துணையின்றிக் கிடந்தால் ஏடிஆர் உணரும். செய்தி பி53 புரதத்துக்குப் போகும். அது பிரிவை நிறுத்தி, திருத்த நேரம் கொடுக்கும். திருத்தவே முடியாத சேதம் என்றால் கலத்தைச் சாகப் பணிக்கும். இப்படிப்பட்ட தடுப்புகள் உண்டென்று மதுவத்தில் கண்டு காட்டிய லீலண்ட் ஹார்ட்வெல் 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்தக் காவல் தளரும் நேரமும் உனக்குப் பொருந்திவருகிறது. நிறமூர்த்தங்கள் சுருண்டு, இரு பக்கமும் இழுபடத் தொடங்கிவிட்டால், கலம் அறுந்த முனைகளில் அடையாளம் மட்டும் இட்டுவிட்டு, பொருத்தும் வேலையைப் பிரிவு முடியும்வரை பெரும்பாலும் தள்ளிப்போடுகிறது. அந்த நேரத்தில் பொருத்தப் போனால் நிறமூர்த்தங்களின் நுனிகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே தள்ளிப்போடுவதே அதற்குப் பாதுகாப்பு. ஆனால் பின்தங்கிப்போன துண்டுகள் புதுக் கலத்தின் கருவுக்குள் சேராமல் தனி நுண்கருக்களாக நின்றுவிடுகின்றன. புகையிலையோடு வெத்திலை போடுபவர்களின் கன்னத்தைச் சுரண்டி எடுத்த கலங்களில் இந்த நுண்கருக்கள் கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். அது நீ இட்ட கையொப்பம்.

கூட்டாளிகளைச் சேர்ப்பதிலும் உனக்கு நிகர் இல்லை. சுண்ணாம்பு வாயைக் காரமாக்க, பாக்கின் துவர்ப்பிலிருந்து டிஎன்ஏயைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் பிறக்கின்றன. நீ இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சொன்னது. உன் பங்கு நைத்திரோசமைன்கள். பச்சை இலையில் அவை மிகக் குறைவு. பதப்படுத்தும்போதும் சேமித்து வைக்கும்போதும்தான் பெருகுகின்றன. எங்கள் உழைப்பையே உன் ஆயுதத்துக்குச் சாணைக்கல்லாக்கிக்கொண்டாய்.

புகைந்தால் உன் திறமை இன்னும் துல்லியம். புகையில் உள்ள பென்சோபைரீனின் விளைபொருள் பி53 பரம்பரையலகில் எங்கே ஒட்டுகிறது என்று 1996இல் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் அந்தப் பரம்பரையலகு அடிக்கடி கெட்டிருக்கும் இடங்களிலேயே ஒட்டியிருந்தது. எல்லைக் காவலனை விட்டுவிட்டு அரசனைத் தேடுகிற வீரம் பழையது. நீ காவலனையே முதலில் சாய்க்கிறாய்.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்ற நிலையை, கூட்டாளிகளோடு சேர்ந்து நீ காத்துவருகிறாய். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் ஆட்கள் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில், நீ செழித்த அதே வலிகாமத்தில், புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நாட்டை நீளவாக்கில் நடக்கவைத்த நோய்களில் உன் கையும் உண்டு.

ஒரு பலவீனத்தை மட்டும் உன்னால் மறைக்க முடியவில்லை. நீ காவலைக் கெடுத்து வளர்த்த கலத்துக்கு நின்று திருத்தும் வழக்கம் குறைந்துவிடுகிறது. கதிர்ச்சிகிச்சை அதன் டிஎன்ஏயை அறுக்கும்போது பல கலங்கள் காயத்தோடேயே பிரிவுக்குள் ஓடிச் சாகின்றன. நோய் சிறிதாக இருக்கையில் பிடிபட்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். ஆகவே வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண்ணோ கண்டவர் உடனே பல் வைத்தியரிடம் போனால் உனக்குத் தோல்விதான். அவர் போகாமலிருக்க நீ கண்ட வழி ஒன்று உண்டு: தொடக்கத்தில் பெரும்பாலும் நோவே தருவதில்லை.