எக்ஸ்பிக்கு மௌத்து இல்லை

விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசொஃப்ட் கைகழுவியது 2014 ஏப்ரல் 8இல். அந்த மௌத்துச் செய்தி கல்முனைப் பக்கத்து அச்சகங்கள் சிலவற்றுக்கு இன்னும் வந்துசேரவில்லை. முன்மேசைப் புதுக் கணினி யூடியூப் பார்க்க. கலியாண அட்டை பிறப்பது மூலையில் கிடக்கும் கிழட்டுப் பெட்டியில்.

காரணம் பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மாப்பிள்ளையின் பெயர் ஆங்கிலக் குப்பையாகிவிடும். புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் பின்னால் ஓர் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. அட்டை வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்குத்தான் அது தெரியாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. இனித் தெரியப்போவதும் இல்லை.

“மனே, அதுல மட்டும் கை வெச்சிராதீங்க” என்பார் முதலாளி. இன்டர்நெட்டும் கொடுக்கமாட்டார், அது ஒன்றுதான் புத்தியான வேலை. மதர்போர்ட் பெட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போய்வந்தால் பெட்டி 2002 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும்; எஃப்1 அழுத்தினால்தான் அசையும். அடுத்த மாத வலீமா அட்டை, மணமகள் பிறக்குமுன்பே சேமிக்கப்பட்டதாகப் பதிவாகும். அந்த பெட்டரியின் பெயரோ சீஆர் 2032. அது ஆண்டுக் கணக்கல்ல: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 தடிப்பு.

அட்டைக்கு முற்பணம் கொடுக்கப் போகிறவர்களே, கூடவே ஒரு பெட்டரியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.