திறன் வளர்க்கிறார்களாம்!

ஏழை நாடுகளுக்கு இணையப் பாதுகாப்புத் திறன் போதவில்லை என்று உலகமே உருகுகிறது. நட்சத்திர ஓட்டலில் பயிலரங்கு நடக்கிறது. காலையில் பவர்பாயிண்ட், மதியம் பஃபே, மாலையில் சான்றிதழ். “பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பது பாடம்.

இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஊர் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகத்தை அங்கே 20 கோடி டாலரில் சீனா கட்டிக் கொடுத்தது, 2012இல் திறந்தார்கள். சர்வர் முதல் கேபிள் வரை கொடையாளியின் உபயம். ஐந்து ஆண்டுகளாக, தினமும் நள்ளிரவு 12 மணியிலிருந்து 2 மணி வரை, ஊர் உறங்கும் நேரத்தில், அங்கிருந்த தரவெல்லாம் ஷாங்காய்க்குப் போனது என்று 2018 ஜனவரியில் பிரான்சின் ‘லெ மோந்த்’ நாளிதழ் எழுதியது. மேசையிலும் சுவரிலும் ஒட்டுக்கேட்கும் மைக்குகள் கிடைத்தனவாம். அபத்தம் என்றார் சீனத் தூதர். பொய் என்றார் ஒன்றிய ஆணையத்தின் தலைவர். 2019இல் சீனாவின் ஹுவாவே நிறுவனத்துடன் புது ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். நன்றி கெட்டவர்கள் என்று பெயரெடுக்கலாமா?

கொடை கொடுப்பதில் ஐரோப்பா மட்டும் இளைத்ததா? எத்தியோப்பிய அரசின் தகவல் வலைப்பின்னல் பாதுகாப்பு முகமை, இத்தாலியின் ‘ஹேக்கிங் டீம்’ நிறுவனத்திடம் 10 லட்சம் டாலருக்கு உளவு மென்பொருள் வாங்கியது. அதை ஓட்டப் பயிற்சியும் கிடைத்தது. இதுவும் திறன் வளர்ப்புதானே! அந்த மென்பொருள் யாரைக் குறிவைத்தது? வங்கிக் கொள்ளையரையா? வெளிநாட்டிலிருந்து இயங்கிய எத்தியோப்பியப் பத்திரிகையாளர்களை. கனடாவின் ‘சிட்டிசன் லேப்’ ஆய்வகம் 2014இல் அதை அம்பலமாக்கியது. மறு ஆண்டே, ஊருக்கெல்லாம் உளவு விற்ற அந்த நிறுவனத்திலேயே யாரோ கன்னம் வைத்து, 400 ஜிபி ரகசியத்தைத் தெருவில் கொட்டினார்கள். ரசீதும் அதில்தான் கிடந்தது.

குடிமக்களின் தரவைக் காக்க 2014இல் மலாபோவில் ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. 15 நாடுகள் உறுதி செய்தால் அமலுக்கு வரும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தப் பதினைந்து தேற 2023 ஆயிற்று. உளவு மென்பொருள் வாங்க எந்த அரசும் ஒன்பது ஆண்டு யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, புண்ணியவான்களே, திறன் இல்லை என்று இனி உருகாதீர்கள். வேவு பார்க்கவும், பார்த்ததை மறுக்கவும், மறுத்த கையோடு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் தேவையான திறன் அமோகமாக விளைந்திருக்கிறது. பறிகொடுத்தவன் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் யோக்கியதைதான் முளைக்கவே இல்லை. அதை எவரும் தானமாகத் தரமாட்டார்கள். எழுதிக் கேட்பவன் இருந்தால், முதலில் அவன் கணினிக்குள்தான் நுழைவார்கள்.