நடப்புக்கு மேலே

அந்தக் காலத்தில் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் தேதி இரவு 8 மணிக்குச் செட்டியார்கள் கூடுவார்கள். பணம் இறுக்கமா தாராளமா என்று பேசி, அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். 1929-30இல் உட்கார்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இது ஏறியிருக்கிறது. எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தவர். கூட்டத்தில் பேசுவது மேலாள்களின் வேலை. இவர் வாசலில் செருப்புக்குக் காவல் என்பது அப்பத்தாவின் கணக்கு.

ஐயா பெருமையாகச் சொன்னது வேறு. நடப்பு மாறினால் பேரேட்டைத் திருத்த வேண்டியதில்லையாம். தவணைப் பணத்துக்கு வட்டி, நடப்புக்குக் கொஞ்சம் மேலே என்றுதான் பேச்சு. மேலே எவ்வளவு என்பது கடைச் சமாச்சாரம். நடப்பு எவ்வளவு என்பது கோயில் சமாச்சாரம்.

அவர் பேரன் நான், காரைக்குடியில் அச்சகங்களுக்கும் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கும் சர்வர் பார்க்கிறேன். உலகம் முன்னேறிவிட்டது, கோயிலும் கடையும், அதாவது மென்பொருள்காரர்கள் எழுதியதும் நாம் மாற்றியதும், இப்போது ஒரே கான்ஃபிக் கோப்பில் கலந்து கிடக்கின்றன.

டெபியன் குடும்பத்து லினக்ஸின் அப்டேட் மரியாதை தெரிந்தது. (2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான்.) நாம் தொடாத கோப்பென்றால் சத்தமில்லாமல் புதியதைப் போட்டுவிடும். நாம் மட்டும் மாற்றியிருந்தால் நம்முடையதை விட்டுவிடும். இரு தரப்பும் கை வைத்திருந்தால்தான் நின்று கேட்கும்: ஒய் என்றால் அவர்களுடையது, என் என்றால் நம்முடையது, டி என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சும்மா என்டர் தட்டினால் பழையதே நீடிக்கும். தோற்ற கோப்பையும் எறியாது. பெயருக்கு ஒரு வால் ஒட்டிப் பக்கத்திலேயே போட்டு வைக்கும். ரெட் ஹேட் வகையறாவில் கேள்வியே இல்லை. பெரும்பாலும் 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு புதியதை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடும்.

வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டும் 'டிஃப்' 1974இலேயே பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் வந்துவிட்டது. ஆனாலும் டி அழுத்துகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாரும் என்டர்தான். எந்த வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பும் இராது. ஐயாவின் மேலாள் பார்த்திருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்.

இணையதளங்களை இயக்கும் பிஎச்பி இன்னும் சாமர்த்தியம். புதிய பதிப்பு தனிக் கோப்புறையில் புதுக் கோப்போடு வந்து இறங்கும். 64 எம்பி என்று நாம் எழுதியது பழைய கோப்பில் தூங்க, பதிவேற்ற அளவு மறுபடி 2 எம்பி. முகூர்த்த மாதத்தில் அச்சகத்திலிருந்து போன் வரும்.

"அண்ணே, நேத்து வரைக்கும் ஏறுன போட்டோ இன்னைக்கு ஏறலையே?"

"உங்க கணக்கு பழைய ஏட்டுல கிடக்கு. கடை புது ஏட்டுக்குப் போயிருச்சு."

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்து எழுத வேண்டியதுதானே?"

அதற்குத்தான் நான் மணிக்கணக்கில் பில் போடுகிறேன்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், 2020இல் 8.2ஆம் பதிப்பில் ஒரு புதுமை செய்தது. சர்வர் கான்ஃபிக்கில் 'இன்க்ளூட்' வரி போட்டு, நம் மாற்றங்களைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பு அவர்கள் பாட்டுக்கு மாறட்டும். நடப்பு அவர்களுடையது, மேலே உள்ளது நம்முடையது! பிஎச்பியிலும் இப்படிப் பிரித்து வைக்க வழி உண்டு. அப்படி வைத்துவிட்டால் அடுத்த அப்டேட்டில் எனக்குப் பாதி வேலை இராது. அச்சகக்காரர் இதுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.