டால்ஸ்டாயை உட்கார வைத்த கதை

மாஸ்கோவில் பாவெல் திரெத்யாகோவ் என்றொரு துணி வியாபாரி. ஆலையில் வந்த காசையெல்லாம் ஓவியமாக வாங்கி வீட்டை நிரப்பினார். அதிலும் எழுத்தாளர்களின் முகங்களைச் சேர்ப்பதில் மனுஷனுக்கு ஒரு வெறி. தஸ்தயேவ்ஸ்கி 1872இலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவியர் பெரோவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். டால்ஸ்டாய் மட்டும் சிக்கவில்லை. 1869இல் கவிஞர் ஃபெத்தைத் தூது விட்டும் பயனில்லை. ‘போரும் அமைதியும்’ நாவலில் நெப்போலியன் வரைக்கும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வரைந்து தள்ளியவர்தான்; தன் முகம் என்று வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

1873 கோடையில் ஓவியர் இவான் கிராம்ஸ்கோய், ஷிஷ்கின் முதலிய ஓவிய நண்பர்களோடு கஸ்லோவ்கா-ஸசேகாவில் வீடு எடுத்துத் தங்கினார். டால்ஸ்டாயின் ஜமீனான யாஸ்னயா பொல்யானா அங்கிருந்து கூப்பிடு தூரம். திரெத்யாகோவ் சும்மா இருப்பாரா? ஓவியரைக் கிளப்பிவிட்டார்.

போன இடத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளிடம், “பிரபு எங்கேயப்பா?” என்று கிராம்ஸ்கோய் விசாரித்ததாகவும், அந்த ஆளே டால்ஸ்டாய் பிரபுதான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஜமீனையும் வைத்துக்கொண்டு குடியானவர் சட்டையையும் மாட்டிக்கொள்பவருக்கு இந்தக் கதை வேண்டியதுதான்.

அப்புறம் நடந்தது சுத்தமான பேரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல். கிராம்ஸ்கோய், சற்றும் மனம் தளராத விக்கிரமாதித்தன் போல, பேச்சைத் திரும்பத் திரும்பப் படத்துக்கே கொண்டுவந்தார். பிரபு மசியவில்லை. கடைசியில் ஓவியர் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: உங்கள் படம் எப்படியும் திரெத்யாகோவின் காட்சிக்கூடத்துக்கு வரத்தான் போகிறது, நீங்கள் போன பிறகு யாரோ ஒருவர் உத்தேசமாக வரைவார், அவ்வளவுதான். தன் மூக்கை முன்பின் தெரியாத எவனோ ஊகித்து வரைவதா! பிரபு இறங்கி வந்தார். சும்மா இல்லை. வீட்டுக்கும் ஒரு படம் வேண்டும். பிடிக்காவிட்டால் அழித்துவிட வேண்டும். ஆக, ஒரே சமயத்தில் இரண்டு ஓவியங்கள். இரண்டும் அச்சு அசலாக இருப்பதைப் பார்த்தால் பயமாகவே இருக்கிறது என்றார் மனைவி சோஃபியா. தினமும் அசலோடு குடித்தனம் நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படத்தில் நாற்பத்தைந்து வயது. பேனா இல்லை, புத்தகம் இல்லை, மேசைகூட இல்லை. மடிப்பு மடிப்பாக நீலச்சாம்பல் நிறச் சட்டை பாதித் துணியை அடைத்துக்கொள்கிறது. அதற்கு மேலே தாடி. தாடிக்கு மேலே இரண்டு கண்கள். கடன் வாங்கியவன் எதிரே வந்தால் பார்ப்பதுபோல நேராகப் பார்க்கின்றன.

அந்தக் கண்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. டால்ஸ்டாய் அப்போது ‘அன்னா கரீனினா’ எழுதிக்கொண்டிருந்தார். நாவலில் மிகாய்லோவ் என்று ஓர் ஓவியர் வருகிறார், அன்னாவை வரைகிறார். அவருக்கு முன்மாதிரி கிராம்ஸ்கோய் என்பது ஆய்வாளர்கள் பலரின் கட்சி. கிராம்ஸ்கோய் பிரபுவுக்குக் கம்பீரத்தைக் கொடுத்தார். பிரபு பதிலுக்குக் கொடுத்தது சாதாரணமான அகன்ற முகம், எல்லாரும் தொளதொளவென்று போடும் காலத்தில் இறுக்கமான கால்சட்டை, தொட்டதற்கெல்லாம் சிடுசிடுப்பு. இந்தப் படத்துக்குப் பிடிக்காவிட்டால் அழிக்கலாம் என்ற ஷரத்து கிடையாது.

கிராம்ஸ்கோய் வரைந்ததில் ஒன்று மாஸ்கோ திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது, மற்றது யாஸ்னயா பொல்யானாவில். டால்ஸ்டாய் வரைந்தது நாவலின் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.