மூலை மேசைக்காரர்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை வேடத்தை ஏற்று, வாய்ப்பேச்சாலும் பகடையாலும் ஒரு வீரக்கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டத்தில், முதல் காட்சி பெரும்பாலும் ஒரு சத்திரத்தில் நிகழும். அச்சத்திரத்தின் இருண்ட மூலையில் முக்காடிட்டு அமர்ந்து, எவரோடும் பேச விரும்பாத தன்னிடம் எல்லாரும் வந்து பேசமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் வேடம் ஒன்று அங்கே தவறாமல் காணப்படும். அவ்வேடத்துக்கு உரியவரே இங்கு ஆராயப்படும் மூலை மேசைக்காரர் ஆவார்.

இவ்வகை ஆட்டத்தைப் பரவச் செய்தது, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் ஆக்கிய அதில், டன்ஜன் மாஸ்டர் எனப்படுபவர் கதைசொல்லியாகவும் நடுவராகவும் அரக்கர் கூட்டம் முழுவதுமாகவும் தாம் ஒருவரே இருந்து உலகை நடத்த, மற்றவர்கள் தத்தம் வேடத்தின் வலிமை, அறிவு, உடைமை முதலியவற்றைக் குறித்த தாளொன்றை முன்னே வைத்துக்கொண்டு அவ்வுலகில் நடமாடுவர். மாதக்கணக்கிலும் சில குழுக்களில் ஆண்டுக்கணக்கிலும் நீளும் இக்கதைத் தொடருக்குக் காம்பெய்ன் என்று பெயர். எல்லாரும் ஒரே கட்சியில் நிற்கும் ஆட்டத்தில் சச்சரவுக்கு இடமேது என்று தோன்றலாம். ஆயின் 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூல், திருடனையும் பாலடின் எனப்படும் அறநெறி வீரனையும் ஒரே அட்டைக்குள் அறிமுகம் செய்து, பூனையையும் கிளியையும் ஒரே கூண்டில் வளர்க்கச் சொன்னது. 1978இன் விதிநூலோ பாலடின் நல்லியல்பினரோடுதான் பழக வேண்டும் என்று அந்தக் கிளிக்குக் கட்டளையும் இட்டது. ஆகவே மூலை மேசைக்காரரின் பிறப்புக்கு அவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. விதிநூலும் மருத்துவச்சியாக உடனிருந்தது.

அவருடைய வேதம் ஒரே வாக்கியத்தால் ஆனது: “என் கேரக்டர் அப்படித்தான் செய்வான், நான் என்ன பண்ண முடியும்?” முந்திய நாள் தம் காயத்தை ஆற்றிய பூசாரியின் பையிலிருந்தே மோதிரத்தைக் களவாடும்போதும், பேச்சுவார்த்தைக்கு வந்த அரசத் தூதரைக் கத்தியால் குத்தும்போதும், குழு முழுவதும் ஒருமனதாகக் கிழக்கே புறப்படுகையில் தாம் மட்டும் மேற்கே நடக்கும்போதும் இவ்வாக்கியமே ஓதப்படும். மேற்குறித்த 1978 விதிநூலின்படி, புதிதாகத் தொழிலில் இறங்கிய திருடனுக்குப் பையில் கைவிட்டுத் தப்பும் அடிப்படை வாய்ப்பு 30 விழுக்காடுதான் என்பதைக் காட்டி எவரேனும் தடுத்தால், தம் பாத்திரத்துக்குக் கணக்கு வராது என்று விடை வரும். வியப்பு என்னவெனில், அப்பாத்திரத்தைப் படைத்தவரும் அவரே, அதன் குணங்களைச் சென்ற வாரம் பென்சிலால் எழுதியவரும் அவரே. எனினும் பழைய செப்பேட்டில் பொறித்த அரசாணையைப் போல் அத்தாளை ஏந்தி, அதற்கு முன் தாம் ஓர் ஏவலாளனேயன்றி வேறில்லை என்று கைவிரிப்பார். தமிழில் பாத்திரம் என்னும் சொல் வேடத்தையும் சமையற் கலத்தையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் பெரிதும் பொருந்துகிறது. ஊரார் கூடிப் பொங்கும் இடத்துக்கு ஒருவர் கலத்தைக் கவிழ்த்தே கொண்டுவந்து, இது கவிழ்ந்திருக்கும் இயல்புடைய பாத்திரம் என்று விளக்கினால் அவரை என்ன செய்வது?

அவருடைய முன்னோடிகளை ஆராய்ந்தால் செய்தி இன்னும் சுவைபடும். சத்திரத்து மூலையில் முக்காடிட்டு அமரும் வழக்கத்துக்கு மூலவர், டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் பிரீ என்னும் ஊரின் விடுதியில் அமர்ந்திருந்த அரகோர்ன். ஊரை விட்டு ஓடிய கறுப்பு எல்ஃப் வீரன் இரு கைகளிலும் வளைவாள் சுழற்றும் வழக்கத்துக்கு மூலவர், சால்வட்டோர் 1988இல் வெளியிட்ட ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’ நாவலின் டிரிஸ்ட். அரகோர்ன் அம்மூலையில் அமர்ந்திருந்தது வழித்துணையாகச் சேர்ந்துகொள்வதற்கே என்பதும், அன்றிரவே வாய் திறந்து பேசி அவ்வேலையை முடித்துவிட்டார் என்பதும் மூலை மேசைக்காரரின் நினைவில் தங்குவதில்லை. டிரிஸ்டுக்கோ அதே நாவலிலேயே குள்ளர் தலைவர் புரூனர், அவருடைய வளர்ப்பு மகள், ஒரு காட்டு வீரன், சோம்பேறியான ஒரு குட்டை மனிதன் என்று நான்கு நண்பர்கள் உண்டு. நம்மவர் வாளிரண்டையும் படியெடுத்துக்கொண்டு, நண்பர் நால்வரையும் நூலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

இத்தகைய விபத்துகளைத் தவிர்ப்பதற்கென்றே, ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடி, கதை எத்தகையது, யார் யாருடன் ஏன் சேர்ந்து போகிறார்கள் என்று பேசி முடிக்கும் செஷன் ஜீரோ என்னும் முன்கூட்டம் வழக்கத்துக்கு வந்தது. அக்கூட்டத்துக்கு அவர் பன்னிரண்டு பக்க வரலாற்றை எழுதி முடித்துக்கொண்டே வருவார். காம்பெய்ன் கடற்பயணம் பற்றியது என்று அறிவிக்கப்பட்டால், உப்புநீரைக் கண்ணால் காண்பதில்லை என்று சபதமேற்ற பாலைவன இளவரசன் அவருடைய தாளில் இருப்பான். இளவரசன் தனியே கரையில் நிற்க, டன்ஜன் மாஸ்டர் கரைக்கும் கப்பலுக்கும் மாறி மாறி ஓட, மற்ற நால்வரும் பகடைகளைக் கோபுரமாக அடுக்கிக் காலம் கழிப்பர். மனங்கவரும் வேடம் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. குணமே இல்லாத, கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் வேடங்கள் நான்கு கூடினால் அது சாகசமாகாது, சங்கக் கூட்டமாகிவிடும். கைதேர்ந்த ஆட்டக்காரர் அதே இளவரசனைக் கொண்டுவந்து, அவன் தங்கை கப்பலில் கடத்தப்பட்டிருக்கிறாள் என்று ஒரு வரியை மட்டும் சேர்ப்பார். சபதம் முறிவதும், அலை கண்டு நடுங்குவதும், மாலுமி வேடத்தவர் அவனைத் தேற்றுவதும் ஆக மூன்று மாதக் காட்சிகள் அந்த ஒரு வரியிலிருந்து விளையும். துரோகமே வேண்டும் என்பவருக்கோ, ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதையே விதியாகக் கொண்ட ‘பாரனாய்யா’ என்னும் ஆட்டம் 1984 முதலே இருக்கிறது. ஆனால் எல்லாரும் துரோகிகளாக இருக்கும் இடத்தில் தமக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று அவர் அதை விரும்புவதில்லை.

அவருடைய வேடம் ஒரு நாள் தனியே வேவு பார்க்கப் போய், உதவிக்குக் குரல் கொடுத்தும் எவர் காதிலும் விழாத தொலைவில் இறந்துபோகும். தோழர்கள் முறைப்படி ஒன்றரை நிமிடம் துக்கம் காத்துப் பையைத் திறந்து பார்க்க, பூசாரியின் மோதிரம் முதலாகக் குழுவில் ஒவ்வொருவரும் தொலைத்த பொருள்கள் வரிசையாக வெளிவரும். அவர் அதற்குள் அடுத்த தாளை எடுத்திருப்பார். பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறிய அவ்வேடம் இறந்தவனின் இரட்டைச் சகோதரன், அதே முக்காடு, அதே வாள்கள். அடுத்த ஊர்ச் சத்திரத்தில் தம் புதியவன் எந்த மூலையில் அமர்ந்திருக்கிறான் என்று அவர் விவரிக்கத் தொடங்குகையில், டன்ஜன் மாஸ்டர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, அந்தச் சத்திரம் வட்ட வடிவமானது என்று அறிவிப்பார்.