கூடத்தில் ஓர் ஆஸ்பத்திரி

அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவே எழுந்து வந்துவிடும். அறுபதுகளின் கடைசியில், கும்பகோணத்துப் பக்கத்தில் எங்கள் ஊரில், தாத்தா பக்கவாதம் வந்து கூடத்துக் கட்டிலில் விழுந்தபோது, பால்காரரிலிருந்து போஸ்ட்மாஸ்டர் வரை அத்தனை பேருக்கும் காலை நீட்டி உட்கார்ந்து வைத்தியம் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அலமாரியில் சாத்துக்குடியும் பன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஏறிக்கொண்டே போக, எட்டு வயதுப் பையனான எனக்கு, படுத்தால் இப்படிப் படுக்க வேண்டும் என்று ஒரு லட்சியமே பிறந்துவிட்டது.

லட்சியம் இரண்டாவது ஒன்றும் இருந்தது: கம்பவுண்டர் ஆவது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், நாக்கை நீட்டச் சொல்வார், போய்விடுவார். அவரிடம் என்ன இருக்கிறது? கம்பவுண்டர் அப்படியா? சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தத்திலேயே வீடு அடங்கும். சின்ன எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசிக்குழலைப் போட்டு, குமுட்டி அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அவர் கலக்கித் தரும் மிக்சர் சீசாவின் மேல் ஓரம் பல் பல்லாகக் கத்தரித்த காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. தாத்தாவின் உடம்பு தேறுகிறதா என்பதைவிட, மருந்து எந்தப் பல்லில் நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமான சேதி. கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்றைக்கு அம்மா படுத்திருப்பது நங்கநல்லூரில், லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் தூக்கும் வாடகைக் கட்டில், மோட்டார் வைத்த காற்று மெத்தை, கரண்ட் போனால் குழந்தை மாதிரி வீறிடும் ஆக்சிஜன் மெஷின் என்று ஒரு வார்டே கூடத்துக்கு வந்துவிட்டது, வராதவர்கள் மனிதர்கள்தான். சாத்துக்குடிக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் பூங்கொத்து வருகிறது, உரிக்கவும் வேண்டாம், கொட்டையும் இல்லை. நியூஜெர்சித் தம்பி அங்கிருந்தே கேமராவில் பார்த்துவிட்டு, "சிஸ்டர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்காங்க?" என்று நம் நடுராத்திரியில் கேட்கிறான்.

அந்த சிஸ்டர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு இரண்டு பஸ் மாறி வருகிற பெண். நாங்கள் கொடுக்கும் பணத்தில் ஏஜென்சிக்காரர் பங்கு போக மிச்சம்தான் அவள் கைக்கு. மணிக்கு இரண்டு தரம் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்று சொல்வோம். நான் சொன்னதை என் மனைவி மாற்றுவாள், அதைத் தம்பி திருத்துவான். ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்தால் அடுத்த அறையில் டாக்டர் இருப்பார். இங்கே அவளுக்கு அவள்தான்.

ஒருநாள் அம்மாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 84 என்று காட்ட, நான் 108-க்குப் போன் செய்யப் போய்விட்டேன். சிஸ்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், பிறகு விரலைப் பார்த்தாள். முந்தின நாள் பேத்தி ஆசையாகப் போட்டுவிட்ட கருநீல நகப்பூச்சு! பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்: 96. அம்மா நகத்தைப் பார்த்து, "அழகா இருந்துதேடி, அழிச்சிட்டியே" என்று வருத்தப்பட்டாள். கேமரா வழியாக சிஸ்டர் சும்மா உட்கார்ந்திருப்பது தெரியும், இது தெரியாது.

இதையெல்லாம் சொல்லும்போது, அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நாக்கு தானாகவே புரள்கிறது. கொஞ்சம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். தாத்தாவைப் படுத்த வாக்கிலேயே வைத்துப் பாலாடையால் கஞ்சி புகட்டினார்கள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைச்சுக்கறா" என்றார்கள். கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம், தலையை உயர்த்தி வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று, வந்து ஆலோசனை சொன்ன அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காததால் முதுகில் வந்த புண், கடைசி வரை ஆறவே இல்லை. அந்தப் புண்ணைக் கழுவியவள் பாட்டி. துணி துவைத்தவள் சித்தி. அவர்களுக்கு ஷிப்டும் இல்லை, சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கம்பவுண்டரின் சைக்கிள் மணி இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. சித்தி அந்த வருஷம் எப்போது தூங்கினாள் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

ஆள் இருந்தபோது அறிவு இல்லை; அறிவு வந்தபோது ஆள் இல்லை. இரண்டையும் சேர்க்கலாம் என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், பிறகு அக்கம்பக்கத்துச் சனங்களுக்கே பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பியது. நம் பக்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. பழைய கம்பவுண்டர் சைக்கிளை சர்க்கார் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; நல்ல காரியம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க இன்னமும் பக்கத்தில் ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் இன்னமும் பெரும்பாலும் ஒரு பெண்.

ஆகையால் உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நர்ஸ் வந்தால் முதலில் பேரைக் கேளுங்கள், உட்கார நாற்காலி போடுங்கள், நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுங்கள், பாத்திரம் தேய்க்கச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெண்ணே பார்த்துக்கொள்வதானால், வாரத்தில் ஒரு ராத்திரியாவது அவளைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு நீங்கள் விழித்திருங்கள்.