மன்னார்குடிக்கு வந்த மலை

அண்ணன் பணி ஓய்வு பெற்ற கையோடு, நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில் மாட்ட ஓர் ஓவியம் வரையச் சொல்லி வாங்கினார். எங்கள் ஊர், எங்கள் பால்யமாம். எருமை மேல் இரண்டு கோவணச் சிறுவர்கள், கரை தளும்பும் வாய்க்கால், ஆள் உயரத்துக்கு முற்றிச் சாய்ந்த நெல். பின்னால் நீலமாக ஒரு மலை. மன்னார்குடிப் பக்கம் அண்ணாந்து பார்க்க ராஜகோபாலசாமி கோபுரத்தை விட்டால் வேறொன்றும் கிடையாது.

"மலை இல்லாம என்னடா சீனரி?" என்றார் அண்ணன்.

மலை கிடக்கட்டும். அந்த நெல் எங்கே இருந்தது? எங்களுக்கு விவரம் தெரிந்த எழுபதுகளில் வயலில் நின்றது ஐ.ஆர்.8. பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்டது. இந்தோனேசிய நெல்லுக்கும் தைவான் குட்டை நெல்லுக்கும் பிறந்தது. பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். வைக்கோல் கட்டை, மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "மண்ணே கெட்டுப்போச்சு" என்று அப்பா திண்ணையில் புலம்பியது இந்த வயலைப் பார்த்துத்தான். அண்ணனுக்கு இன்று அதுவே பொற்காலம். மழைக்கு யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டதும், மருந்தடித்த மறுநாள் வாய்க்காலில் அடித்த எண்டிரின் நெடியும் கேன்வாஸில் ஏறவில்லை. ஏறினால் கூடத்தில் மாட்ட முடியுமா?

அண்ணன் எருமை மேல் ஏறி நான் பார்த்ததில்லை. நாங்கள் சலவைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போவோம். மேய்த்தது பண்ணையாள் வீட்டுப் பையன். எங்கள் நிலத்தை இப்போது குத்தகைக்குச் செய்பவரும் அவர்தான். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் சட்டம் போட்டார்கள். சட்டம் நாற்று நடாதே! மேற்கு வங்கத்துப் பையன்கள் வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அறுப்புக்கு மெஷின். வைக்கோலையும் இன்னொரு மெஷின் சுருட்டிக் கொடுக்க, லாரி கேரளாவுக்கு ஏற்றிப்போகிறது.

போன அறுப்புக்குப் போனபோது, கைப்பேசியில் ஓவியத்தை அவரிடம் காட்டினேன். எருமையையோ மேலிருந்த பையன்களையோ அவர் சட்டை செய்யவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி வாய்க்காலைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார்.

"கதிர் இவ்வளவு முத்தியிருக்கு, தண்ணிய வடிக்காம விட்டிருக்காங்களே. டயர் வண்டி எறங்காதுங்க. செயின் வண்டிக்குத்தான் சொல்லணும், வாடகை கூட ஆகும்."